டெண்டர் இல்லாத செடி

அடும்புக்கொடியிடம் மன்னிக்க முடியாத குறை ஒன்று உண்டு: டெண்டர் விடாமலே வளர்ந்துவிடுகிறது. இராவணன் மீசைப் புல்லும் அப்படியே. பூம்புகார்க் கரையில் கொதிமணலிலும் உப்புக் காற்றிலும் ஒரு வாளி தண்ணீர் கேட்காமல் வாழ்கின்றன. ஒப்பந்தக்காரர் இல்லை, பில் இல்லை, கல்வெட்டில் பெயர் போட இடமில்லை. எந்த அரசு பொறுக்கும்?

இந்தத் தண்டச்செடிகள் அப்படி என்னதான் செய்கின்றன? பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல் மூட மூட, புதுவேர் விட்டு மேலேறுகின்றன. மேடு எழுகிறது. புயலலை முதலில் அந்த மேட்டில்தான் மோதும். மேட்டுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரின்மேல் நன்னீராகத் தங்கும். ஊதாப் பூவில் தேனீ, கொடியடியில் நண்டு, கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமை. சம்பளம் வாங்காத வேலைக்காரர்களை யார் மதிப்பார்கள்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாடம் கற்றோம்! கரையைக் காக்கிறோம் என்று, தமிழகக் கரையில் சில இடங்களில் இருந்த மணல்மேட்டையே பொக்லைனால் மட்டமாக்கிச் சவுக்கு நட்டோம். சவுக்கு நிழலும் சருகும் சேர்ந்து அடும்பைச் சாகடித்தன. அரிப்பு என்றால் கருங்கல் கொட்டினோம். கல்லில் மோதிய கடல் பக்கத்துக் குப்பத்தைக் கடித்தது. அங்கேயும் கல், அதற்கும் டெண்டர். கடலைவிட ஒப்பந்தம் வேகமாக முன்னேறுகிறது.

காவிரி கொண்டுவர வேண்டிய மணலை 1934 முதல் மேட்டூர் மறிக்கிறது. தப்பியதை லாரி அள்ளுகிறது. மிச்சம் வந்து சேரும் பிடி மணலைப் பிடித்துவைக்கும் செடியையும் 'புதர் அகற்றம்' என்று எழுதிப் பிடுங்குகிறோம்.

இந்திர விழாவை மறந்ததால் பூம்புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. நமக்கு அந்தப் பயமில்லை. விழா எடுக்கத் தெரியும். 1973இல் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் எழுப்பியாயிற்று. மூழ்கிய ஊருக்கு இத்தனை மரியாதை. மூழ்காமல் நிற்கிற ஊருக்கு ஒரு கொடியைக்கூட விட்டுவைக்க மனமில்லை.

2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மணல்மேடுகளை உச்சப் பாதுகாப்பு வகையில் வைத்தது. காகிதத்தில் மேடு பத்திரம். மணலில் காக்க வேண்டுமானால், வண்டி ஏறாமல் வேலி போட்டு ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் போதும். கொடி தானே படரும். ஆனால் ஒதுங்கி நிற்பதற்குக் கமிஷன் கிடையாதே!

போகட்டும். அடுத்த முறை குப்பத்து வீடுகளுக்குள் அலை புகுந்தால், இயற்கைச் சீற்றம் என்று அறிக்கை விடாதீர்கள். மேட்டை மட்டமாக்கச் சொன்ன கோப்பில் கையெழுத்துப் போட்டது கடல் அல்ல.