50, 30, 20

இடம்: தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்து ஏரி ஒன்று. தண்ணீர் இல்லாததால், அது ஏரிதான் என்று சொல்ல ஊராட்சிப் பலகை மட்டும் நிற்கிறது. காலம்: 2025 பங்குனி. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியையும் பாண்டுச் சட்டியையும் போட்டுவிட்டுப் புளியமர நிழலில் தூக்குவாளியைத் திறக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் நோட்டுக் கட்டுமாக இளைஞர் ஒருவர் வருகிறார். நிதி ஆலோசகர். சேமிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். அப்போதுதான் கேட்கிறவர்கள் எழுந்து போக முடியாது. அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயது 56. ஊருக்கே அக்கா.

ஆலோசகர்: வணக்கம்மா. குறைஞ்ச வருமானத்துல நிறைவா வாழறது எப்படின்னு சொல்லித்தர வந்திருக்கேன். அரை மணி நேரம் போதும்.

அக்கா: அரை மணியில முடிச்சிடுவீங்களா? எனக்கு இன்னும் முடியல. உட்காருங்க தம்பி. அந்த வேர் மேல வேண்டாம், கட்டெறும்பு.

ஆலோசகர்: முதல்ல ஒரு சூத்திரம். மாச வருமானத்தை மூணாப் பிரிக்கணும். 50 சதவீதம் தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு.

அக்கா: யாரு போட்ட கணக்கு?

ஆலோசகர்: அமெரிக்காவுல எலிசபெத் வாரன்னு ஒரு அம்மா. இப்ப செனட்டரா இருக்காங்க. 2005ல தன் மகளோட சேர்ந்து எழுதின புத்தகத்துல சொன்னது.

அக்கா: பணக் கணக்குல அம்மாவும் மகளும் ஒத்துப்போனாங்களா! நல்ல குடும்பம். சரி, பிரிச்சிடலாம். எந்த மாசத்து வருமானத்தை?

ஆலோசகர்: எந்த மாசமா இருந்தா என்னம்மா?

அக்கா: அப்படிச் சொல்லாதீங்க. எனக்குத் தேதி தவறாம வர்றது உரிமைத்தொகை ஆயிரம் ரூபா ஒண்ணுதான். அதுக்கு மனு வாங்குற முகாமை முதலமைச்சர் தொடங்கி வெச்சதே நம்ம தொப்பூர்லதான், 2023 ஜூலையில. மத்ததெல்லாம் அதது இஷ்டத்துக்கு வரும். வீட்டுக்காரர் பாலக்கோட்டுக்குத் தக்காளி லோடு ஏத்தப் போவார். தக்காளிக்கு விலை இருந்தா லோடு இருக்கும். விலை விழுந்தா, பறிக்கிற கூலிக்குக் கூடக் கட்டாதுன்னு காட்டுக்காரர் செடியிலயே விட்டுடுவார். ஊரெல்லாம் தக்காளி கொட்டிக் கிடக்கும், இவர் திண்ணையில கிடப்பார். பையன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. அனுப்புனா உண்டு. இந்த ஏரி வேலைக்கு நாளைக்கு 319 ரூபா. கார்த்திகையில வெட்டின மண்ணுக்கு இன்னும் கூலி வரல.

ஆலோசகர்: அது மத்திய அரசு நிதி விடுவிக்கலைன்னு...

அக்கா: தெரியும். ஆயிரம் கோடிக்கு மேல பாக்கின்னு முதலமைச்சரே ஜனவரியில பிரதமருக்குக் கடுதாசி போட்டாராமே. அவருக்கே வசூல் ஆகல. இப்ப சொல்லுங்க, 20 சதவீதத்தை எதுலேர்ந்து எடுக்கட்டும்? வந்ததுலேர்ந்தா, வர வேண்டியதுலேர்ந்தா?

ஆலோசகர்: (நோட்டைப் புரட்டி) வர வேண்டியதுக்கு இதுல கட்டம் இல்லைங்கம்மா.

அக்கா: ஒண்ணு போடச் சொல்லுங்க. எங்க சொத்து பூரா அதுலதான் இருக்குது.

ஆலோசகர்: சரி, சராசரியா வெச்சுக்குவோம். மாசம் ஆறாயிரம், ஏழாயிரம் வருமா?

அக்கா: நல்ல மாசத்துல வரும். நாலு உருப்படிக்கு.

ஆலோசகர்: அரசாங்கத்தோட 2023-24 கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுக் கிராமத்துல ஒரு ஆளோட சராசரி மாசச் செலவு 5,701 ரூபா.

அக்கா: ஒரு ஆளுக்கா? (பக்கத்துப் பெண்ணிடம்) யாருடி அது நம்ம ஊர்ல? (சிரிப்பு) அப்ப எங்க வீட்டுல மூணு பேர் பட்டினி கிடந்தா ஒருத்தரைச் சராசரி ஆக்கிடலாம்.

ஆலோசகர்: அப்படிப் பார்க்காதீங்க. வறுமைக்கோட்டை எடுத்துக்கிட்டா நீங்க மேலதான் இருப்பீங்க. 2011ல திட்டக்குழு உச்ச நீதிமன்றத்துல பிரமாணப் பத்திரமே தாக்கல் செஞ்சது. கிராமத்துல ஒரு ஆளுக்கு நாளைக்கு 26 ரூபா. அதுக்கு மேல செலவு பண்ணா ஏழை இல்லை. எதிர்ப்பு வந்ததும் ரங்கராஜன் தலைமையில குழு போட்டு, 2014ல 32 ரூபா ஆக்கினாங்க.

அக்கா: ஆறு ரூபா கூட்டுறதுக்கு ஒரு குழுவா? அவங்க டீ குடிச்ச செலவை எந்தக் கட்டத்துல எழுதினாங்களோ. அந்த வருஷம் நான் சந்தைக்குப் போற நாள் மட்டும் பணக்காரி தம்பி. மறுநாள் விடிஞ்சா ஏழை. வாரா வாரம் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டித்தான் முழங்கால் போச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன். டாக்டர் ஒத்துக்கல. போர் தண்ணியில புளோரைடுங்கிறார்.

ஆலோசகர்: அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துடுச்சே.

அக்கா: வந்துச்சு, 2013ல. முழங்கால் அதுக்கு முன்னாடியே தண்ணி குடிச்சு முடிச்சிடுச்சு. வைத்தியச் செலவு தேவையா, விருப்பமா?

ஆலோசகர்: (அவசரமாக) தேவைதாம்மா. சாப்பாட்டுக்கு வருவோம். அரிசி 2011 ஜூன்லேர்ந்து இலவசம். பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. உணவுச் செலவு ஏறக்குறைய இல்லைன்னே சொல்லலாம்.

அக்கா: ரேஷன் பருப்பு ஒரு கிலோ. நாலு பேருக்கு எத்தனை நாள் வரும்னு உங்க வீட்டம்மாவைக் கேளுங்க. எங்களுக்குப் பத்து நாள். மிச்ச இருபது நாள் கொள்ளு, தட்டைப்பயிறு, ஏரிக்கரைக் கீரை. பேத்தி காலையில பள்ளிக்கூடத்துலயே சாப்பிட்டுடுறா, அது பெரிய உதவி. உப்பு, மிளகாய், புளியெல்லாம் அரசாங்கம் கொடுக்குறது இல்லையே. புளி மட்டும் வாங்குறதில்ல. கொட்டை எடுக்குற வேலைக்குப் போனா வீட்டுக்குக் கொஞ்சம் கிடைச்சிடும்.

ஆலோசகர்: சிறுதானியம் சேர்த்துக்கலாமே. சத்தும் அதிகம். 2023ஐ உலகமே சிறுதானிய ஆண்டாக் கொண்டாடிச்சு.

அக்கா: (தூக்குவாளியைச் சாய்த்துக் காட்டி) இது என்னன்னு நினைச்சீங்க? ராகிக் களி. அந்த வருஷந்தான் நம்ம ஜில்லாவுக்கும் நீலகிரிக்கும் மட்டும் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க மாமியார் காலத்துல அரிசிச் சோறு நோம்பிக்குத்தான். களி திங்கிறவன் ஏழைன்னாங்க. பெருமைப்பட்டு அரிசிக்கு மாறுனோம். இப்ப அரிசி திங்கிறவன் ஏழைங்கிறாங்க. நாங்க எதைத் தின்னாலும் அது கீழ போயிடுது.

(ஆலோசகர் இதைக் குறித்துக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியவில்லை.)

ஆலோசகர்: மளிகையை மாசத்துக்கு ஒரே தடவையா வாங்குங்க. சில்லறையா வாங்குறதுனாலதான் ஏழைங்களுக்கு அதிகம் செலவாகுது.

அக்கா: நிஜந்தான். அஞ்சு ரூபா எண்ணெய், பத்து ரூபா சர்க்கரைன்னு வாங்கினா கிலோவுக்கு எவ்வளவு விழுதுன்னு எனக்கும் கணக்குத் தெரியும். மொத்தமா வாங்கணும்னா மொத்தமா காசு வேணுமே, அதை யாரு சில்லறையாத் தர்றாங்க? ஆனா ஷாம்பை மட்டும் பாக்கெட்லதான் வாங்குவேன்.

ஆலோசகர்: பார்த்தீங்களா! அதுதான் தப்பு. பாட்டில்...

அக்கா: பாட்டில்ல எத்தனை மில்லின்னு பார்த்து, பாக்கெட்டோட வகுத்துப் பாருங்க. பல கம்பெனியில பாக்கெட்தான் மலிவு. பாட்டில் வாங்குறவங்க யாரும் வகுத்துப் பார்க்குறதில்ல.

(அருகில் இருந்த பெண் செல்போனில் வகுத்தாள். ஆலோசகர் எட்டிப் பார்த்தார். பேச்சை மாற்றினார்.)

ஆலோசகர்: போக்குவரத்து. 2021லேர்ந்து டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாசம் சராசரி 888 ரூபா மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்லுது. அந்த 888 எங்கம்மா?

அக்கா: நானும் அதைத்தான் தேடினேன். கேஸ் சிலிண்டர்காரர் எடுத்துட்டுப் போயிருக்கார். எண்ணூத்துச் சொச்சம். அதனால இப்ப சிலிண்டரை விருந்தாளி வந்தா மட்டும் பத்த வெக்கிறது. மத்த நாள் விறகு.

ஆலோசகர்: சரி, 30 சதவீத விருப்பச் செலவு. சினிமா, ஓட்டல், டூர் மாதிரி. இதுல நீங்க எதைக் குறைக்கலாம்?

அக்கா: (யோசித்து) வெத்தலை பாக்கு.

ஆலோசகர்: வேற?

அக்கா: மொய்.

ஆலோசகர்: ஆ, வந்துட்டீங்க! மொய்தான் கிராமத்தையே கெடுக்குது. ஊர்ல யாருக்குக் கல்யாணம், காதுகுத்துன்னாலும் கடன் வாங்கியாவது 500 எழுதறீங்க. சுத்த வீண்.

அக்கா: வீணா? மூத்தவ கல்யாணத்துக்கு எந்த பேங்கும் எனக்குக் கடன் கொடுக்கல. பத்திரம் இருக்குதான்னு கேட்டாங்க. மொய் நோட்டு இருக்குதுன்னேன், சிரிச்சாங்க. கல்யாணத்தன்னிக்கு நான் இருபது வருஷமா அம்பதும் நூறுமா எழுதினதெல்லாம் ஒரே சாயங்காலத்துல திரும்பி வந்துச்சு, கொஞ்சம் கூடவே. பந்தல்காரனுக்கும் சமையல்காரனுக்கும் அன்னிக்கே எண்ணிக் கொடுத்தேன். ஆதார் நகல் கேட்கல, ஜாமீன் கேட்கல. எழுதாதவனை ஊர் மறக்காது, அவ்வளவுதான் சட்டம். இதை விருப்பத்துல எழுதுவீங்களா, சேமிப்புல எழுதுவீங்களா?

ஆலோசகர்: ரெண்டுலயும்... (அழிப்பான் தேடுகிறார்.) சரி, அவசர நிதி? ஆறு மாசச் செலவை எப்பவும் தனியா வெச்சிருக்கணும்.

அக்கா: வெச்சிருக்கேன். அதோ, வேலியில வாயை வெச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, ரெண்டு வெள்ளாடு. ஆஸ்பத்திரிச் செலவுன்னா ஒண்ணு நல்லம்பள்ளிச் சந்தைக்குப் போவும். வட்டி குட்டியா வரும்.

ஆலோசகர்: ஆடு செத்துப்போனா?

அக்கா: கறி. உங்க பேங்க் செத்துப்போனா?

(இங்கே சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஆலோசகரும் சிரித்தார். பிள்ளை கெட்டவரில்லை, அவருக்கும் மாதம் இத்தனை கூட்டம் என்று இலக்கு இருக்கிறது.)

ஆலோசகர்: அம்மா, நீங்க இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?

அக்கா: உங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட. 1989ல. நான் கல்யாணமாகி வந்த புதுசு. ரோமாபுரியில ஏதோ வேளாண்மை நிதியமாம், இஃபாட்னு சொல்வாங்க. அவங்க உதவியோட மகளிர் குழு ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுலயே மொதல்ல நம்ம தருமபுரி ஜில்லாவுலதான். அப்புறமேட்டுக்குத்தான் மத்த ஊருக்கெல்லாம் போச்சு. வாரத்துக்கு ரெண்டு ரூபா, மாமியாருக்குத் தெரியாம அரிசிப் பானையில வெச்சுக் கட்டினேன். ஒருநாள் நாலு குழுவும் சேர்ந்த கூட்டம். போனா, எதிர் வரிசையில எங்க மாமியார். அவங்க எனக்குத் தெரியாம வேற குழுவுல கட்டிக்கிட்டிருந்திருக்காங்க.

ஆலோசகர்: அப்புறம்?

அக்கா: அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியாம கட்டினோம். ஆடு வாங்கினது அந்தப் பணத்துலதான். அப்ப ஒரு முறை இருந்துச்சு தம்பி. முதல்ல சேமிக்கணும், சேர்ந்த பணத்தைப் பார்த்துத்தான் கடன். குழுவே உட்கார்ந்து, இவளுக்கு எதுக்குப் பணம், திருப்புவாளான்னு பேசும். இப்ப சேமிப்பே வேண்டாம்னுட்டாங்க. பத்துப் பேரு சேரு, ஆதாரைக் காட்டு, போட்டோவுக்கு நில்லு, கடன் வந்துடும். வாரா வாரம் காலையில ஏழு மணிக்கு வசூல். ஒருத்தி கட்டலைன்னா மத்த ஒம்போது பேரும் கட்டணும். அவ வீட்டுத் திண்ணையிலயே எல்லாரும் உட்கார்ந்திருப்போம், துக்கம் விசாரிக்கப் போன மாதிரி.

ஆலோசகர்: அதனாலதான் சொல்றேன், கடன் வாங்காதீங்க. செலவை எழுதிப் பழகுங்க. எல்லாருக்கும் வரவு செலவு நோட்டு கொண்டு வந்திருக்கேன். இலவசம்.

(அக்கா நோட்டை வாங்கி அட்டையைத் திருப்புகிறார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வாரக் கடன் அட்டையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைக்கிறார். இரண்டிலும் ஒரே முத்திரை.)

அக்கா: தம்பி, இந்தக் கம்பெனிதான் உங்களை அனுப்பிச்சுதா?

ஆலோசகர்: அவங்க சமூகப் பொறுப்பு நிதியில... எனக்கு அந்தக் கிளையோட சம்பந்தம் இல்லைங்கம்மா. நான் வேற பிரிவு.

அக்கா: வாங்கச் சொல்ற பிரிவு ஏழு மணிக்கு, வாங்காதேன்னு சொல்ற பிரிவு பதினொண்ணுக்கு. நேரமாவது ஒதுக்கிப் போட்டிருக்காங்க.

(பணித்தளப் பொறுப்பாளர் விசில் ஊதுகிறார்: "எல்லாரும் வரிசையா நில்லுங்க! ரெண்டாவது போட்டோ!")

ஆலோசகர்: அம்மா, ஒரு நிமிஷம். இந்த நோட்டைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச மாதிரி ஒரு படம். ரிப்போர்ட்ல வெக்கணும்.

அக்கா: இருங்க தம்பி. காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு. அந்த ரெண்டு படமும் போன்ல ஏறலைன்னா 319 கிடையாது. உங்க படத்துக்கு எவ்வளவு?

ஆலோசகர்: அதுக்கு எதுவும் இல்லைங்கம்மா. நோட்டோட ஒரு பேனா தருவோம்.

அக்கா: எழுதுமா?

ஆலோசகர்: நல்லா எழுதும்.

அக்கா: அப்ப ரெண்டாக் கொடுங்க. பேத்திக்குப் பரீட்சை வருது.