டூஜி தர்மம்

2020 மார்ச் மாதம். கொரோனா வந்துவிட்டது. ஶ்ரீநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர், மூச்சுத் திணறி வருபவர்களைக் காப்பாற்றுவது எப்படி என்று இங்கிலாந்து மருத்துவர்கள் தயாரித்த தீவிர சிகிச்சை வழிகாட்டியைப் பதிவிறக்க உட்கார்ந்தார். கோப்பின் அளவு 24 எம்.பி. ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை என்று ட்விட்டரில் புலம்பினார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 எம்.பி. என்பது 192 மெகாபிட். அது ஒரு மணி நேரத்தில் இறங்க நொடிக்கு 53 கிலோபிட் போதும். அதுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் கீச்சுக் கீச்சென்று கத்திய பழைய டயல்-அப் மோடம்கூட 56 கிலோபிட் வரை தரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். டிஜிட்டல் இந்தியா அந்த மோடத்திடம் தோற்ற நாள் அது.

மலைப்பிரதேசம், கோபுரம் இல்லை போலும் என்று பரிதாபப்பட வேண்டாம். கோபுரம் இருந்தது. ஃபோர்ஜி கருவி இருந்தது. அலைக்கற்றைக்கு கம்பெனிகள் ஏலத்தில் கட்டிய பணம் அரசுக் கஜானாவில் இருந்தது. டூஜியில் ஒரு தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்; ஃபோர்ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் வரை விரியும், அதாவது நூறு மடங்கு. இந்த அகலத்துக்குத்தான் பேண்ட்வித் என்று பெயர். ஒரு தடத்தில் எவ்வளவு தகவல் போகும் என்பதை அதன் அகலமும், இரைச்சலை மீறி நிற்கும் சிக்னலின் வலுவும் தீர்மானிக்கும் என்று 1948இல் கிளாட் ஷானன் சூத்திரம் எழுதிவைத்தார். பாவம், மூன்றாவதாக ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது: உள்துறைச் செயலாளரின் கையெழுத்து.

2019 ஆகஸ்ட் 4 இரவு ஜம்மு காஷ்மீரில் இணையம் அடியோடு அறுக்கப்பட்டது. மறுநாள், அதற்குத் தனி அந்தஸ்து தந்த 370ஆவது பிரிவின் கதை முடிந்தது. 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கினால் உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. அரசு யோசித்தது. கழுத்தை அறுத்தால்தானே கொலை? மூச்சு விடுகிற அளவுக்கு நெரித்துப் பிடித்தால் அது நிர்வாகம். ஜனவரி 25 அன்று டூஜி வந்தது. அதுவும் அரசு பார்த்துப் பொறுக்கிய 301 தளங்களுக்கு மட்டும். சமூக ஊடகம் எதுவும் அதில் இல்லை, நெட்ஃபிளிக்ஸ் இருந்தது. டூஜியில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கச் சொன்ன அரசுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

டூஜி நமக்குப் பழகிய சொல்தான். 2010இல் அதன் பெயரால் 1.76 லட்சம் கோடி நட்டம் என்று தணிக்கை அறிக்கை அனுமானித்து, டெல்லியே ஆடியது. அன்று புதையலாக இருந்தது பத்து வருடத்தில் திருவோட்டில் விழும் சில்லறையானது. நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் குறைந்தால் அது பிராட்பேண்டே இல்லை என்று 2013இல் வரையறுத்ததும் இதே இந்திய அரசுதான்.

நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. சரஸ்வத், ஏவுகணை விஞ்ஞானி, அந்த ஜனவரியிலேயே திருவாய் மலர்ந்தார். அங்கே இணையம் இல்லாவிட்டால் என்ன, ஆபாசப் படம் பார்ப்பதைத் தவிர அவர்கள் வேறென்ன செய்கிறார்கள் என்ற பொருளில். பிறகு, திரித்துவிட்டார்கள் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். ராக்கெட்டைத் திருப்பிக் கூப்பிட முடியாது என்பது அவருக்குத் தெரியாததா?

தீவிரவாதமும் வதந்தியும் பரவாமல் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி என்றார்கள். வதந்திக்கு எடை கிடையாது ஐயா. நாலு வரி எழுத்து, சில நூறு பைட். டூஜியில் குதித்துக்கொண்டு ஓடும். அதைப் பொய் என்று காட்டும் வீடியோதான் போகாது. நுரையீரல் ஸ்கேன் போகாது. குழந்தையின் வகுப்பு போகாது. அகலத்தைக் குறைத்தால் பொய் உள்ளே வரும், சாட்சி வெளியே நிற்கும். இது தெரியாமல் செய்தார்கள் என்று நம்ப நான் தயாராக இல்லை. இத்தனைக்கும், டூஜி வேகத்தால் கொரோனா தடுப்புக்கோ இணையவழிக் கல்விக்கோ இடைஞ்சலே இல்லை என்று உத்தரவிலேயே எழுதினார்கள். எழுதிய அதிகாரியின் பிள்ளை எந்த வேகத்தில் படித்தது என்று எந்த உத்தரவிலும் இல்லை.

ஃபோர்ஜி கேட்டு மறுபடி வழக்குப் போட்டார்கள். 2020 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு குழுவை அமைத்துப் பரிசீலிக்கச் சொன்னது. குழுவில் யார் யார்? மத்திய உள்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர், ஜம்மு காஷ்மீர் தலைமைச் செயலாளர். வேலிக்கு ஓணான் சாட்சி. ஆகஸ்டில் இரண்டு மாவட்டங்களுக்கு மட்டும் சோதனையாக ஃபோர்ஜி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வர 2021 பிப்ரவரி 5 ஆனது. இணையத்தை அறுத்த நாளிலிருந்து பதினெட்டு மாதம்.

காஷ்மீர்க் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூடு பல உயிர்களைப் பறித்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை அறுத்தார்கள். அங்கே அறுத்ததோடு விட்டார்கள். நெரிக்கவும் தெரியும் என்று காஷ்மீரில் காட்டிவிட்டார்கள். ஊரில் ஒரு போராட்டம் நடக்கும்போது உங்கள் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், ரீசார்ஜ் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் உத்தரவின் நகலைக் கேளுங்கள். அதை வெளியிட்டாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.