முக்கோண மலைக்கு முழு மதிப்பெண்

தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர் நீர்வண்ணம் பழகினால், தூரிகை முதலில் ஈனுவது இரண்டு முக்கோண மலை, இடையில் ஒரு சூரியன், ஒற்றைத் தென்னை. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையோ முக்கோணத்தை மதிக்காத மொட்டைப் பாறை. சித்தன்னவாசல் குடைவரையில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியதும் மீனும் யானையும் நிறைந்த தாமரைக்குளம்தான். ‘அவர்கள் மேதைகள், நாங்கள் கற்றுக்குட்டிகள்’ என்பார்கள். நியாயம்தான், ஆனால் அந்தச் சலுகை கைக்கு மட்டும், கண்ணுக்கில்லை. ‘தண்ணீர் சொன்ன இடத்தில் நிற்பதில்லையே’ என்பது அடுத்த புகார். ஒன்றாம் வகுப்பும் நிற்காது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விடுவது நீர்வண்ணத்தின் பாடம். பிள்ளை வரைந்த நீல யானையைத் திருத்தாமல் விடுவது ஆசிரியரின் பாடம். இரண்டிலும் தேர்வு வைத்தால், முக்கோணத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்களே முதலில் தோற்பார்கள்.