பிரம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

மென்பொருள் நிறுவனங்களுக்கு வாத்தியார் ஆசை வந்து சில காலம் ஆகிறது. கஸ்டமர் கேர் என்ற பெயர் கௌரவக் குறைச்சலாம். ‘அகாடமி’ என்கிறார்கள், ‘கஸ்டமர் எஜுகேஷன்’ என்கிறார்கள். காசு கொடுத்து பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிய அரிசி மண்டிக்காரர் இனி வாடிக்கையாளர் இல்லை, ‘கற்பவர்’. எல்லா வீடியோவையும் பார்த்து முடித்தால் பேட்ஜ் உண்டு. கல்லாவுக்கு மேலே லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

சரி, பள்ளிக்கூடத்தைப் பின்பற்றுவது நல்லதுதானே? அங்கிருந்து எதை எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

சட்டாம்பிள்ளையை எடுத்தார்கள். அது நம்ம ஊர்ச் சரக்கு. 1789இல் எழும்பூரில் ராணுவத்தார் வீட்டு அநாதைப் பையன்களின் விடுதிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தன் பையன்களுக்கும் கொண்டுவந்தார். சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெரிய பையன்களையே உட்கார வைத்தார். 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். வாத்தியார் சம்பளம் மிச்சமாகும் என்றதும் ‘மெட்ராஸ் முறை’க்கு இங்கிலாந்தில் ஏக வரவேற்பு. இன்றைய நிறுவனமும் அதைத்தான் செய்கிறது: உங்கள் சந்தேகத்தை இன்னொரு பயனாளர் தீர்த்துவைப்பார், கேட்டுப் பாருங்கள் என்கிறது. பெல்லின் சட்டாம்பிள்ளைக்கு விடுதிச் சோறாவது கிடைத்தது. இவர்களுடைய சட்டாம்பிள்ளை ஊழியமும் செய்துவிட்டு வருடச் சந்தாவும் கட்டுகிறார்.

அடுத்து இன்ஸ்பெக்டர். 1862இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி ராபர்ட் லோ கொண்டுவந்த சட்டதிட்டப்படி, பிள்ளைகள் பரீட்சையில் தேறுவதைப் பொறுத்துத்தான் இங்கிலாந்துப் பள்ளிக்கு அரசு மானியத்தின் பெரும்பகுதி. விளைவு, இன்ஸ்பெக்டர் என்ன கேட்பாரோ அதை மட்டும் உருப்போட வைத்தார்கள். தானே பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் இதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அதைக் கைகழுவிவிட்டது. கைகழுவியதைத் துடைத்தெடுத்து ஏசி அறையில் வைத்திருக்கிறார்கள் நம் மேனேஜர்கள். ஹெட்செட் மாட்டிய பெண்ணுக்கு அழைப்புக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு கணக்கு, மூடிய டிக்கெட் ஒரு கணக்கு, வாங்கிய நட்சத்திரம் ஒரு கணக்கு. மண்டிக்காரரின் பில் சரியானதா என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

மாதம் 20ஆம் தேதி, சாயங்காலம். மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்கிறவர்களுக்கு அன்றுதான் கடைசி நாள்.

“சிஸ்டத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.”

“பண்ணிட்டேம்மா. இருபத்தாறு கிலோ மூட்டைக்கும் அஞ்சு பர்சன்ட் வரி போடுதும்மா.”

“புரியுது சார். பிரவுசர்ல ஹிஸ்டரி க்ளியர் பண்ணுங்க.”

“அதையும் நேத்தே பண்ணியாச்சு.”

“புரியுது சார். ஒரு லிங்க் அனுப்பறேன், வீடியோ பாருங்க. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரைக்குமான லேபிள் ஒட்டிய பைக்குத்தான் வரி. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. பலசரக்குக் கடைப் பையனுக்குக்கூட மனப்பாடமான விஷயம். “எந்த மூட்டைக்குப் போடுது, எந்த மூட்டைக்குப் போடலை?” ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், எடையைப் பார்க்காமல் அரிசி என்றாலே வரி போடும்படி யாரோ எழுதிவைத்திருப்பது அம்பலமாகியிருக்கும். அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கேட்டால் நிமிடம் ஏறும். நிமிடம் ஏறினால் அப்ரைசலில் அடி விழும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது அங்கே குற்றம்.

வகுப்பறையில் எடுக்கத் தகுந்தது எத்தனையோ கிடந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டு சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, தெளிகிறது. நம் சாட்பாட்டோ நாற்பது நிமிடம் காக்கவைக்கும். நாம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் ‘பதில் இல்லாததால் உரையாடல் முடிக்கப்பட்டது’ என்று கதவைச் சாத்தும்.

வகுப்பறைக்கு வெளியேயும் முன்மாதிரி கிடந்தது. 1980களில் ஐபிஎம்மில் ஜான் கரோல் குழுவினர், புதிதாக வேர்ட் பிராசசர் பழகும் அலுவலகப் பணியாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று கவனித்தார்கள். கையேட்டை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை என்று தெரிந்தது. அதற்காக யாரையும் மக்கு என்று சொல்லவில்லை. கையேட்டைச் சுருக்கினார்கள், தப்பு நேர்ந்தால் மீளும் வழியை அதில் எழுதினார்கள். இத்தனைக்கும் லாபத்துக்கு நடந்த கம்பெனிதான் அது, தர்மசத்திரம் இல்லை.

இங்கே திரையில் என்ன வருகிறது? ‘ஏதோ தவறு நடந்துவிட்டது.’ விடைத்தாளில் இப்படி ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுக்கும் வாத்தியாரைப் பெற்றோர் விட்டுவைப்பார்களா?

ராத்திரி ஒன்பது மணிக்கு மண்டிக்காரருக்கு மெயில்: டிக்கெட் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்? மறுநாள் முதல் தாமதக் கட்டணம், நாளுக்கு 50 ரூபாய். அந்த ஐம்பதைக் கம்பெனி அவருடைய சந்தாவில் கழிக்க வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். 26 கிலோ மூட்டைக்கு வரி கிடையாது என்கிற பாடம் அன்றைக்கே கம்பெனி மண்டையில் ஏறிவிடும், வீடியோ இல்லாமலே.