மரச்சீவல் உற்பத்தியும் அதன் துணை விளைபொருளாகிய பேனாவும்

கடைசல் இயந்திரத்தில் மரப்பேனா செய்தல் என்பது சதுரக் கட்டை ஒன்றைச் சீவலாகவும் தூளாகவும் மாற்றும் தொழில். அந்த மாற்றம் முழுமை பெறுவதற்குச் சற்று முன்பு இயந்திரத்தை நிறுத்தினால் கிடைப்பது பேனா. இந்த வரையறை கடைசல்காரர்களுக்கு உவப்பாக இராது. ஆனால் கணக்கு வேறு முடிவுக்கு இடம் தரவில்லை. வழக்கமான கட்டை 5 அங்குல நீளமும் முக்கால் அங்குலச் சதுரமும் உடையது. குறுக்குவெட்டில் சுமார் 360 சதுர மில்லிமீட்டர். ‘ஸ்லிம்லைன்’ எனப்படும் எளிய வகைப் பேனாவின் ஓர விட்டம் ஏறத்தாழ 8.4 மில்லிமீட்டர். அதற்குள் 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய். மிஞ்சும் மரம் சுமார் 17 சதுர மில்லிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. குழாய்க்காகத் துளைத்து எறிந்த மரம் மட்டுமே 38 சதுர மில்லிமீட்டர். ஆக, பேனாவில் இருக்கும் மரத்தைப்போல் இரு மடங்கு மரம் அதன் ஓட்டையில் இருந்திருக்கிறது.

அந்த ஐந்து பங்குக்கும் எழுத்துக்கும் உள்ள உறவும் ஆராயத்தக்கது. ரீஃபில், அதை முன்னும் பின்னும் தள்ளும் திருகுப்பொறி, கூர்முனை, நடு வளையம், சட்டைப்பையில் மாட்டும் கிளிப் ஆகிய யாவும் ‘கிட்’ என்ற பொட்டலத்தில் ஆயத்தமாக வருபவை. பித்தளைக் குழாய்களும் அதிலேயே இருக்கும். எழுதுவதற்கு இன்றியமையாத எதையும் கடைபவர் செய்வதில்லை. ‘இது நானே செய்தது’ என்று சொல்லும் உரிமை மட்டும் அவரைச் சேர்கிறது. முழுப் பேனாவையும் கடையும் மரபு வேறு. ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் எபோனைட் தண்டிலிருந்து உடல், மூடி, மரை வரை பட்டறையிலேயே வெட்டி மைப்பேனா செய்கிறார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதில் மரை நிற்கும், மை ஊறாது. மரத்திலோ மரையின் பல் உதிரும், மையும் ஊறும். ஆகவே மரப்பேனா இயல்பில் ஓர் உறை. மரியாதை கருதி இக்கட்டுரை இனியும் அதைப் பேனா என்றே அழைக்கும்.

மரத் தேர்வில் தாவரவியலைவிட வம்சாவளிக்கே மதிப்பு அதிகம். மரக்கடையில் வாங்கிய தேக்கையும் தாத்தா வீட்டு நிலைக்கதவிலிருந்து அறுத்த தேக்கையும் நுண்ணோக்கியால் பிரித்தறிய முடியாது. ஆனால் பேனாவைக் கையில் கொடுத்ததும் இரண்டாவதற்கு மட்டும் பத்து நிமிட விளக்கம் உண்டு. ஊஞ்சல் பலகை, கட்டில் கால், உடைந்த உலக்கை, இடித்த வீட்டின் உத்திரம் ஆகியன முதல் தரம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். பழைய நிலைக்கதவில் சிலிக்காவோடு ஆணியும் இருக்கும். ஈட்டி அழகாகக் கடையும். ஆனால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது 2017 முதல் இருக்கிறது. செம்மரம் என்றால் ஐந்து அங்குலக் கட்டைக்கும் பூர்வீகம் கேட்பார்கள். அங்கே தாத்தா கதை எடுபடாது. கருங்காலியின் பெயரால் விற்கும் மாலைகளைக் கண்டவர்கள் கட்டையையும் சந்தேகத்தோடுதான் வாங்குகிறார்கள். அந்தச் சந்தேகத்தை லேத் உடனே தீர்த்து வைக்கும்: சாயம் ஏற்றிய கட்டையாயின் முதல் சீவலிலேயே வெளுத்துவிடும்.

பேனாவின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்குமாகக் கட்டையை இரண்டாக அறுக்குமுன், அறுக்கும் இடத்தின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். போடாவிட்டால் இரு பாதிகளும் தலைகீழாகச் சேர்ந்து, ரேகை நடுவழியில் திசை மாறி நிற்கும். அடுத்தது துளை. டிரில் வெளியேறும் முனையில் கட்டை வெடித்துக்கொண்டு போவது வழக்கம். இதற்கு இரண்டு பரிகாரங்கள்: ஒன்று, அவசரப்படாமை, மற்றொன்று, கட்டையைச் சற்று நீளமாக விட்டு, துளை மறுபக்கம் எட்டுமுன் நிறுத்தி, அந்த நுனியை அறுத்தெறிதல். நடைமுறைக்கு உகந்தது இரண்டாவதே.

குழாயை ஒட்டும் கட்டம் தனிக் கவனத்துக்குரியது. இங்கே பயன்படும் சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் என்ற பெயரில் வீட்டு அலமாரிகளில் காய்ந்து கிடக்கும் அதே இனம். 1942-இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது தட்டுப்பட்டது. தொட்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் குறையே குணம் என்பது 1951-இல் விளங்கி, 1958-இல் பசையாக விற்பனைக்கு வந்தது. பேனாக் கடைசலில் 1942-ஆம் ஆண்டு முடிவே சரி என்று தோன்றும் தருணம் ஒன்று உண்டு: பசை தடவிய குழாய் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றுவிடும்போது. கண் இமைக்குமுன் வழுக்கிக்கொண்டிருந்த குழாய் இப்போது இடுக்கிக்கும் அசையாது. அனுபவசாலிகள் குழாயின் மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, திருகிக்கொண்டே ஒரே மூச்சில் உள்ளே தள்ளுவர்; சூடுபட்டவர்கள் நிதானமாக இறுகும் எபாக்சிக்கு மாறுவர். பசை குழாய்க்குள் புகாதிருக்க, முன்கூட்டியே அதன் வாயை உருளைக்கிழங்கு வில்லையில் அழுத்தி அடைத்துக்கொள்வதும் உண்டு. உருளைக்கிழங்கு பொறியியலுக்கு ஆற்றிய இத்தொண்டு இதுகாறும் போதிய அளவு பாராட்டப்படவில்லை.

பசை இறுகியபின் துண்டுகளின் முனைகளைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவி, மாண்ட்ரெல் என்னும் மெல்லிய எஃகுக் கம்பியில் கோத்து, இடையிலும் ஓரங்களிலும் புஷ் எனப்படும் எஃகு வளையங்களைச் செருகி, மறுமுனைக்கு டெயில்ஸ்டாக்கால் முட்டுக்கொடுப்பர். முட்டு அளவுக்கு மீறி இறுகினால் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் வளையும். பேனா வட்டமாக அமையாது. ஒரு பக்கம் உலோக வளையத்தோடு வழவழவென்று சேரும், மறுபக்கம் நகம் இடறும். பழி பெரும்பாலும் மரத்தின் மேல் விழும்.

நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வேகத்தில், வாய் வளைந்த உளி முதலில் கட்டையின் மூலைகளைத் தட்டுகிறது. அப்போது எழும் ‘டகடக’ ஒலி, சதுரம் அழிந்து உருளையானதும் ஒரே சீரான இரைச்சலாக மாறும். கைதேர்ந்தவர்கள் இதைக் காதால் அறிவார்களே தவிர இயந்திரத்தை நிறுத்திப் பார்ப்பதில்லை. பிறகு வாய் சாய்ந்த உளி. அதன் கூர் சரியாக இருந்தால் சீவல் அறுபடாமல் நீள நாடாவாகப் புரண்டு மணிக்கட்டின் மேல் வெதுவெதுப்பாக விழும். மழுங்கியிருந்தால் வெறும் தூள். முதன்மை விளைபொருளின் தரம் இவ்விடத்தில்தான் முடிவாகிறது. பேனாவின் வடிவத்தை முடிவு செய்வது புஷ்ஷின் விட்டம். ஓரங்களில் அதற்கு மேலும் போகக் கூடாது, கீழும் போகக் கூடாது. நடுவில் மட்டும் கொஞ்சம் பருக்க விடலாம். இந்த அரை மில்லிமீட்டர் பருமனைக் குறித்து நடக்கும் விவாதங்கள் அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாதவை.

அடுத்து உப்புத்தாள்: 150-இல் தொடங்கி 240, 320, 400, 600 வரை. ஒவ்வொன்றுக்குப் பின்னும் சுழற்சியை நிறுத்தி நீளவாக்கில் தேய்க்காவிட்டால், வட்டக் கீறல்கள் பளபளப்பு ஏறியபின் எழுந்து நிற்கும். பலா, மஞ்சக்கடம்பு முதலிய வெளிர் மரங்களில், எஃகு புஷ் தேய்ந்து வரும் கருந்தூள் ஓரங்களில் ஏறிக் கறையாகும். ஈட்டித் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகக்கவசம் கட்டாயம். சீவலுக்கு அடுப்பும் உரக்குழியும் தவிர வேறு சந்தை கிடையாது.

பூச்சு விஷயத்தில் துறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற தகராற்றை அறிந்தவர்களுக்கு இப்பிளவை விளக்கத் தேவையில்லை. முதல் கட்சி அரக்குக் கட்சி. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோடு மெழுகு சேர்த்துத் துணியில் தோய்த்து, சுழலும் பேனாவின் மேல் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் மெருகு ஏறும். இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் மெருகேறுவதும் அரக்கால்தான். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் அரக்குக் குச்சியையே சுழலும் மரத்தில் நேராக அழுத்தி உருக்கி, தாழை மடலால் தேய்த்துப் பரப்புவார்கள். பேனாக்காரர்கள் அரக்கைப் புட்டியில் வாங்கி ‘ஃப்ரிக்‌ஷன் பாலிஷ்’ என்கிறார்கள்.

இரண்டாவது பசைக் கட்சி. குழாயை ஒட்டிய அதே சயனோஅக்ரிலேட்டை, மெல்லிய காகிதக் கைக்குட்டையில் சில சொட்டு விட்டு, படலம் படலமாக ஏற்றுவது இவர்கள் முறை. பருத்தித் துணியைத் தொடக் கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் பசை சூடேறிப் புகையும். படலம் தடித்தபின் 1500 முதல் 12000 வரையிலான மெத்தைத் தாள்களால் நீர் தொட்டுத் தேய்ப்பர். விமானங்களின் அக்ரிலிக் சன்னல்களைத் தேய்க்கவும் இவ்வகைத் தாள்கள் உதவுகின்றன. விமானத்துக்குப் போதுமான பளபளப்பு சட்டைப்பைக்குப் போதாது என்று வாதிடுவோரும் உளர்.

இரு கட்சிக்கும் நியாயம் உண்டு. பசைப் பூச்சு ஆண்டுக்கணக்கில் மங்காது. ஆனால் விரல் தொடுவது மரத்தை அன்று, பிளாஸ்டிக்கை. உள்ளே பித்தளை, வெளியே அக்ரிலிக், நடுவில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தாத்தா வீட்டு நிலைக்கதவு. அரக்குப் பூச்சில் தாத்தாவையே தொடலாம். கைவியர்வை பட்டு ஆறு மாதத்தில் தாத்தா கறுத்துவிடுவார். சீர்தூக்கிப் பார்த்தால் கறுப்பதே மேல்.

பூட்டும் வேலை ஐந்து நிமிடந்தான். எனினும் அதுவரை செய்த அனைத்தையும் கெடுக்க அந்நேரம் போதும். திருகுப்பொறியை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக அழுத்தினால் ரீஃபில் முனை உள்ளே போகாது, சட்டைப்பையில் மைப்புள்ளி விழும். குறைவாக அழுத்தினால் முனை வெளியே வராது. ஆகவே கொஞ்சம் அழுத்தி, ரீஃபிலைத் திருகிப் பார்த்து, மீண்டும் கொஞ்சம் அழுத்த வேண்டும். அதிகம் போன பொறியைப் பின்னுக்கு இழுத்தால் மெல்லிய மர ஓரம் ‘டிக்’ என்று கீறும்; கீறலின் மேல் தடவத் திரும்பவும் சயனோஅக்ரிலேட்டே.

முடிந்த பேனா பெரும்பாலும் செய்தவரிடம் தங்குவதில்லை. பணி ஓய்வு பெறுபவர், குடும்ப டாக்டர், புது மாப்பிள்ளை ஆகியோரே அதன் இயல்பான வாழிடங்கள். பெறுபவர் முதலில் கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். பிறகு ‘வெளியில வாங்கினா எவ்வளவு ஆகும்?’ என்பார். எழுதிப் பார்ப்பது நான்காவது. பலர் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எழுதிப் பார்ப்பவர் எழுதுவது தம் கையெழுத்தை. அதன்பின் பேனா பெட்டிக்குள் போகும், பெட்டி ஷோகேஸுக்குள் போகும். வங்கிச் செலான், பால் கணக்கு, பள்ளிக்கூட விண்ணப்பம் ஆகியவற்றைப் பத்து ரூபாய் பேனா வழக்கம்போல் கவனித்துக்கொள்ளும்.

ரீஃபில் மாற்றும் முறை எளிது. ஸ்லிம்லைனுக்குப் பொருந்துவது, தலையில் மரை உள்ள மெல்லிய க்ராஸ் வகை ரீஃபில். தெருமுனைக் கடையில் தொங்கும் வகை சேராது. நடு வளையத்துக்குக் கீழுள்ள பாதியை இதமாகத் திருகியபடி இழுத்தால் கழன்று வரும். பழைய ரீஃபிலை மரையிலிருந்து திருகி எடுத்து, புதியதைப் பூட்டி, ரேகை பொருந்துமாறு பாதியை மீண்டும் செருக வேண்டும். மை தீர்ந்து மாற்றவேண்டிய நிலை அரிது. காய்ந்துபோன ரீஃபிலுக்கும் முறை இதுவே.