குளுட்டமேட்டைப் பையில் அடைப்பது யார்?

கேள்வி: அஜினோமோட்டோவில் இருப்பதும் குளுட்டமேட், மூளையில் செய்தி சொல்வதும் குளுட்டமேட் என்றால், ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்தானே தேர்வில் முதலிடம் பெற வேண்டும்?

பதில்: 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிக்குனே இக்கேடா கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவைப்பொருளும், ஒரு நரம்புச்செல் அடுத்ததைத் தூண்டுவதற்கு வெளியிடும் பொருளும் ஒன்றே. ஆயினும் உணவில் வரும் குளுட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடற்செல்களே எரித்துச் செலவழித்துவிடுகின்றன. இரத்தத்தில் கலக்கும் மிச்சத்தை, மூளையின் நுண்குழாய்ச் சுவர்களில் செல்கள் நெருக்கமாகப் பிணைந்து அமைக்கும் இரத்த-மூளைத் தடுப்பு எளிதில் உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்வதால், தேர்வுக்குப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எல்லாச் செல்லிலும் குளுட்டமேட் உண்டாமே! பிறகு சில நரம்புச்செல்களுக்கு மட்டும் ‘கிளர்வூட்டும் செல்’ என்ற பட்டம் ஏன்?

பதில்: எல்லா வீட்டிலும் அரிசி இருப்பதால் எல்லா வீடும் அரிசிக்கடை ஆகிவிடுவதில்லை. குளுட்டமேட் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் ஒன்று. அண்டைச் செல்லை அடக்கிவைக்கும் நரம்புச்செல்களும் தமக்குரிய காபா என்னும் பொருளை அதிலிருந்தே உண்டாக்குகின்றன. வேறுபாடு, நரம்பு முனையில் ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டத்தில் குவிந்திருக்கும் நுண்பைகளுக்குள் அதை ஏற்றிவிடும் கடத்திப் புரதத்தில் இருக்கிறது. ஆய்வாளர் அதனை வீ-குளூட் என்பர்.

இப்புரதம் 1994இல் அறியப்பட்டபோது பாஸ்பேட்டைக் கடத்துவதாகக் கருதப்பட்டு, அதற்கேற்ற பெயரோடு சில ஆண்டுகள் இருந்தது. 2000இல் அமெரிக்காவில் ராபர்ட் எட்வர்ட்ஸ் குழுவும் ஜெர்மனியில் ரைன்ஹார்ட் யான் குழுவும் அது நுண்பைக்குள் குளுட்டமேட்டை ஏற்றுவதைக் காட்டின. யான் குழுவின் சோதனையே இக்கேள்விக்கு நேரான விடை: காபாவை வெளியிட்டு அடக்கும் வேலையை மட்டுமே செய்துவந்த நரம்புச்செல்லில் இந்த ஒரு புரதத்தைப் புகுத்தியதும், அச்செல் குளுட்டமேட்டையும் வெளியிடத் தொடங்கியது. ஒரு செல்லின் குணத்தையே திருப்பிவிட ஒற்றைப் புரதம் போதுமாயிருந்தது என்பது, நரம்பியலில் எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறையாத முடிவு.

கேள்வி: சிறு பைக்குள் அவ்வளவையும் திணிக்கும் வலிமை அதற்கு எங்கிருந்து வருகிறது?

பதில்: வலிமை இன்னொரு புரதத்துடையது. நுண்பையின் சவ்விலுள்ள புரோட்டான் பம்பு, செல்லின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபியைச் செலவிட்டு நேர்மின் புரோட்டான்களை உள்ளே தள்ளுகிறது. அதனால் நேர்மின்னேற்றம் பெற்ற உட்புறம், எதிர்மின்னுடைய குளுட்டமேட்டை ஈர்க்க, வீ-குளூட் அதற்கு வழிவிடுகிறது. வழிவிடுவதில் கண்டிப்பு அதிகம்: குளுட்டமேட்டை ஒரு கார்பன் அணு மட்டுமே குறைந்து ஒத்திருக்கும் அஸ்பார்டேட்டைக்கூட அது ஏற்பதில்லை.

கேள்வி: ஒரே வேலைக்கு வீ-குளூட் 1, 2, 3 என மூன்று ஆட்கள் எதற்கு?

பதில்: வேலை ஒன்று, ஊர்கள் வேறு. முதலாவது பெருமூளைப் புறணியிலும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸிலும் மிகுதி. இரண்டாவது தலாமஸிலும் மூளைத்தண்டிலும் மிகுதி. சிறுமூளையின் பர்கின்ஜி செல் ஒன்றில் இரண்டையும் அருகருகே காணலாம்: அதன் கிளைகளைத் தொடும் எண்ணற்ற இணையிழைகள் முதலாவதையும், அதே செல்லைச் சுற்றிப் படரும் ஏறுமிழை இரண்டாவதையும் கொண்டிருக்கின்றன. முதலாவது இல்லாத சுண்டெலிக் குட்டிகள் சில வாரங்கள் வாழ்கின்றன. இரண்டாவது இல்லாதவை மூச்சின் தாளத்தை உண்டாக்க இயலாமல் பிறந்தவுடன் இறக்கின்றன.

மூன்றாவது விதிவிலக்கானது. செரட்டோனினையோ அசிட்டைல்கோலினையோ வெளியிடும் சில செல்களிலும் அது உள்ளது. உட்செவியில் ஒலியை நரம்புச் செய்தியாக்கும் உள்மயிர்ச் செல்களோ அதையே முழுதும் நம்பியிருக்கின்றன. அது இல்லாத சுண்டெலிகள் பிறவிச் செவிடு. மனிதரிலும் இம்மரபணுவின் ஒரு பிறழ்வு, நாளடைவில் வளரும் கேள்விக்குறைவோடு தொடர்புடையது. 2012இல், தீங்கற்ற வைரஸின் வழியாக இம்மரபணு உட்செவியில் செலுத்தப்பட்டபோது, அத்தகைய சுண்டெலிகளுக்குக் கேட்கும் திறன் வந்தது.