வயிற்றுக்கும் பெட்டகத்துக்கும்

கேள்வி: மாதாமாதம் கையில் பணம் கொடுத்தால், அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான சொத்து இடைவெளி மூடிவிடுமா?

பதில்: வயிறு நிறையும், பெட்டகம் நிறையாது.

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 2019 பிப்ரவரியில் தொடங்கி 2 ஆண்டுகள், 125 பேரின் அட்டையில் மாதம் 500 டாலர் ஏறியது. அப்போதைய மேயர் மைக்கேல் டப்ஸ் கொண்டுவந்த திட்டம். நிபந்தனை எதுவும் கிடையாது. 'குடித்தே தீர்த்துவிடுவார்கள்' என்றவர்கள் அந்தச் செலவுக் கணக்கை ஒருமுறை புரட்ட வேண்டும். மது, புகையிலைக்குப் போனது நூற்றுக்கு ஒரு டாலர்கூட இல்லை. சாப்பாட்டுக்குத்தான் அதிகம். முழுநேர வேலையில் இருந்தோர் ஓராண்டில் 28 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். சோம்பேறி ஆக்கவில்லை, மூச்சுவிட வைத்தது அந்தப் பணம்.

சொத்து வேறு கதை. ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்குப்படி, வரிசையில் நடுவே நிற்கும் வெள்ளையர் குடும்பத்திடம் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்திடம் 44,900. 1930களில் அரசு நிறுவனமே கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களுக்கு வரைபடத்தில் சிவப்பு மை பூசி, 'இங்கே கடன் ஆபத்து' என்றது. வீடு வாங்க விடப்படாத தாத்தா, பேரனுக்கு எதை எழுதிவைப்பார்?

அதனால்தான் கனெக்டிகட் மாநிலத்தின் வழி பிடித்திருக்கிறது. 2023 ஜூலை முதல், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் 3,200 டாலர் முதலீடு. 18 வயதுக்கு மேல் படிக்க, வீடு வாங்க, தொழில் தொடங்க எடுத்துக்கொள்ளலாம்.